வலைக்கூண்டை ஏலம் விடாதீர்கள்: எங்கள் ஊராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர் மற்றும் வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன திங்கட்கிழமை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த ஏல அறிவிப்பை இரண்டு முறை படித்தேன். முதல் வரி புளியமர மகசூல். இரண்டாவது குளத்து மீன்பாசி. இந்த இரண்டும் வருடா வருடம் ஏலம் போவதுதான், அதில் யாருக்கும் பேச்சில்லை. மூன்றாவது வரியில் “விளையாட்டுத் திடல் வலைப்பயிற்சிக் கூடம், ஓராண்டு குத்தகை” என்று இருந்தது. நம் பிள்ளைகள் கிரிக்கெட் பழகும் வலைக்கூண்டுதான் அது. முன்வைப்புத் தொகை 10,000 ரூபாய். ஏல நாள் ஏப்ரல் 28.

டவுனில் கோச்சிங் நடத்துகிற ஒருவர் எடுக்கப்போகிறார், காலையும் மாலையும் அவருடைய மாணவர்கள் வேனில் வந்து இறங்குவார்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் மாதம் 1,500 ரூபாய் கட்டினால் சேர்ந்துகொள்ளலாம் என்ற விவரமெல்லாம் எனக்கு டீக்கடையில்தான் கிடைத்தது. மார்ச் 22 கிராம சபையில் நானும் உட்கார்ந்திருந்தேன். குடிநீர்த் தொட்டி பேசினோம், தெருவிளக்கு பேசினோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று வாரத்தில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது.

தலைவர் அவர்களே, நேரில் உங்களை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறேன். பதினாறு வருடமாக நான் நம் ஊர்க் கிரிக்கெட் கிளப்புக்குச் செயலாளர். பிழைப்புக்கு பம்ப்செட் மெக்கானிக் வேலை. வருகைப் பதிவேடும் வரவு செலவு நோட்டும் என்னிடம் இருக்கின்றன. இந்த மடலில் நான் சொல்லும் கணக்கெல்லாம் அந்த இரண்டு நோட்டில் உள்ளவை. எப்போது வேண்டுமானாலும் கொண்டுவந்து காட்டுகிறேன்.

வலைக்கூண்டு வருவதற்கு முன்னால் நாங்கள் ஆடியது குளத்துக்கரைக்கு மேற்கே இருக்கிற கரிசல் தரையில். அந்தத் தரையை உங்களுக்குத் தெரியும், உங்கள் அப்பா அதையொட்டி உளுந்து போட்டவர். சித்திரை, வைகாசியில் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வெடிப்பின் ஓரத்தில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. 2019-ல் கார்க் பந்து எகிறி ஒரு பையனுக்கு மேலுதடு கிழிந்து நான்கு தையல் போட்டோம். அவனைத் தூக்கிக்கொண்டு போனது என் வண்டியில்தான். அவன் அம்மா ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, என் சட்டையில் இருந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதோடு நாங்கள் டென்னிஸ் பந்துக்குத் திரும்பிவிட்டோம்.

டென்னிஸ் பந்தில் ஆடினால் என்ன என்று போன வாரம் ஒரு வார்டு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே பதில் சொல்கிறேன். டென்னிஸ் பந்து 58 கிராம் பக்கம் இருக்கும். லெதர் பந்து 160 கிராம் பக்கம். ஒன்றுக்குப் பழகிய கை மற்றதற்கு உதவாது. டென்னிஸ் பந்து துள்ளி மேலே வரும், அடிப்பவன் கண்ணை மூடிக்கொண்டு தூக்கலாம். லெதர் பந்து தையலில் பட்டுத் திரும்பும், தாழ்ந்து சறுக்கும், விலாவில் பட்டால் மூச்சு நிற்கும். மாவட்ட லீக்கும், 14, 16, 19 வயதுக்குட்பட்டோருக்கான தேர்வும் லெதர் பந்தில்தான் நடக்கின்றன. தேர்வு நாளில்தான் அந்தப் பந்தை முதல் முறை கையில் வாங்குகிறவன் என்ன செய்வான்? எங்கள் பையன்கள் ஐந்து வருடம் தொடர்ந்து தேர்வுக்குப் போனார்கள். முதல் பத்து நிமிடத்திலேயே ஓரமாக உட்காரச் சொல்லிவிடுவார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒருவனும் பேச மாட்டான்.

இன்னொன்று, பந்துகளின் எண்ணிக்கை. இதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் யோசிப்பதே இல்லை. பழைய தரையில் ஒரு சாயங்காலம் வாட்சைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை, பதினாறு பேர், மொத்தம் 71 பந்து. அடித்த பந்து சீமைக்கருவேல முள்ளுக்குள் போனால் அத்தனை பேரும் போய்த் தேடணும். ஒரு பையன் சராசரியாகச் சந்தித்தது நான்கைந்து பந்து. வலைக்கூண்டில் இரண்டு லேன். பந்து வலையில் பட்டு அங்கேயே விழும். ஒரு லேனுக்கு நான்கு பேர் வரிசையாகப் போட்டால் அரை மணி நேரத்தில் நூறு பந்து தாராளமாக ஓடும். எங்கள் பிள்ளைகளின் திறமை இரண்டு வருடத்தில் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து பந்து ஐம்பது பந்தாகியிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது. அதுவே எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அந்தக் கூண்டு எப்படி வந்தது என்பதையும் எழுதியாக வேண்டும். ஏனென்றால் ஏல அறிவிப்பில் அது “ஊராட்சிக்குச் சொந்தமான” என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது. நமக்கு நாமே திட்டத்தில் மொத்தம் 6 லட்சம் ரூபாய் வேலை. அதில் மக்கள் பங்காக நாங்கள் திரட்டிக் கட்டியது 2 லட்சத்து 40 ஆயிரம். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் நம் ஊர்ப் பையன்கள் ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் அனுப்பினார்கள். துபாயில் இருக்கும் மூன்று பேர் வலைக்கு மட்டும் பொறுப்பெடுத்தார்கள். ஆனால் அந்த நோட்டில் அதிகப் பக்கம் பிடித்திருப்பது பீடி சுற்றும் அம்மாமார்களின் பெயர்கள். சனிக்கிழமை பீடிக்கடையில் சம்பளம் வாங்கிய கையோடு, மடியிலிருந்து நூறு ரூபாயை எடுத்து, “எம் பேரன் பேர்ல எழுதிக்கோ” என்று கொடுத்தவர்கள். உதடு கிழிந்த பையனின் அம்மா எட்டு வாரம் தொடர்ந்து கொடுத்தார். ஊராட்சி இடம் கொடுத்தது, மின் இணைப்பு கொடுத்தது, வேலையை முன்நின்று நடத்தியது. அதை நாங்கள் மறக்கவில்லை. திறப்பு விழாவில் நீங்கள் முதல் பந்தை அடித்த போட்டோ இன்னும் கிளப் அறையில் மாட்டியிருக்கிறது.

திறந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், தை மாதம். அதற்கு முந்தைய மாதப் பதிவேட்டில் 16 பெயர். இந்த மாதம் 46. நம் ஊரோடு சேர்த்து இரண்டு குக்கிராமத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். அதில் 9 பேர் பெண் பிள்ளைகள். போன வருடம் மாவட்ட லீக்கின் கடைசி டிவிஷனில் பெயர் கொடுத்தோம். ஏழு ஆட்டத்தில் நான்கு வெற்றி. ஒரு பையன் 16 வயதுக்குட்பட்டோர் தேர்வில் கடைசி முப்பது பேர் வரை போனான். முன்பு பத்து நிமிடத்தில் உட்கார வைக்கப்பட்ட ஊரிலிருந்து போனவன்.

பெரிய இடத்துக்குப் போனவர்களின் கதை உங்களுக்கும் தெரியும். வேகப்பந்து வீச்சாளர், சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் இருபது வயது வரைக்கும் டென்னிஸ் பந்தில் ஆடியவர். 2015-ல் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடியதுமே அவர் பந்துவீசும் முறை மீது சந்தேகம் கிளம்பியது. கை வீசும் முறையை மாற்றிப் பழகித்தான் அவர் திரும்பி வர முடிந்தது. அப்புறம் 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்), 2017-ல் 3 கோடி ரூபாய்க்கு ஐபிஎல், 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். ஊரெல்லாம் பட்டாசு வெடித்தோம். எனக்கு அந்த 2015-தான் திரும்பத் திரும்ப நினைவில் வரும். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் பக்கத்தில் ஒரு நெட்டும், கையைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளும் இருந்திருந்தால் அந்தக் கஷ்டத்தை அவர் பட்டிருக்க வேண்டாம் என்று நினைப்பேன். அவர் சம்பாதித்த பிறகு சின்னப்பம்பட்டியில் மைதானம் கட்டினார். பயிற்சிக்கென்று தனி பிட்ச்களோடு அது 2023 ஜூனில் திறக்கப்பட்டது, தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். தன் ஊருக்கு எது தேவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் பக்கத்துக் கோவில்பட்டியையே பார்க்கலாம். அங்கே ஹாக்கிக்குச் செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது. அங்கே ஆடி வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயம். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் கையில் என்ன நிறத்தில் கயிறு கட்டுகிறார்கள், ஏன் கட்டுகிறார்கள் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். 2023-ல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சாதியின் பேரில் சக மாணவர்களே வெட்டியதற்குப் பிறகு அரசே நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, அந்தக் குழு அடுத்த வருடம் அறிக்கை கொடுத்தது. நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை என்று மேடையில் சொல்லலாம். பழைய தரையில் மேலத்தெருப் பையன்கள் ஒரு பக்கம், காலனிப் பையன்கள் குளத்துக்கு அந்தப் பக்கம் என்று இரண்டு கூட்டமாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் செயலாளராக இருந்தே அதை மாற்ற முடியவில்லை.

வலைக்கூண்டு வந்தபோது கிளப்பில் இருந்தது ஒரே ஜோடி கீப்பிங் கிளவுஸ், இரண்டு ஜோடி பேடு. வேறு வழியில்லை, மாற்றி மாற்றித்தான் போட வேண்டும். முதல் வாரம் ஒரு மேலத்தெருப் பையன், காலனிப் பையன் கழற்றிக் கொடுத்த கிளவுஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே வேர்வை ஊறிக் கிடந்தது. அடுத்த பந்து போட ஆள் ஓடி வந்துகொண்டிருந்தான். சட்டென்று மாட்டிக்கொண்டு குனிந்துவிட்டான். அவ்வளவுதான். நான் தரையில் விரிக்கும் மேட்டின் (விரிப்பின்) கிழிசலைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அந்த இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் பயிற்சிக்கு வருகிறார்கள். குத்தகைக்கு விட்டு மாதம் 1,500 வைத்தால் இந்த இரண்டு பேரில் யார் உள்ளே இருப்பான், யார் வேலிக்கு வெளியே நிற்பான் என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டு பேருமே வெளியேதான் நிற்பார்கள் என்பது என் பயம். இரண்டு வீட்டிலும் பீடித் தட்டுதான் அடுப்பெரிய வைக்கிறது.

பெண் பிள்ளைகள் ஒன்பது பேரும் அப்படித்தான். பையனுக்கு 1,500 கொடுக்க யோசிக்கும் வீடு, மகளுக்கு யோசிக்கக்கூடச் செய்யாது. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை கீப்பராக நிற்கிறாள். பேடின் பட்டை அவள் காலுக்குப் பெரிது, இரண்டு சுற்றுச் சுற்றி நுனியைச் செருகிக்கொள்வாள். தன் முறை வருகிற வரை சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டே இருப்பாள். மதுரைப் பொண்ணு கமலினியை 16 வயதில் பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை அணி 1 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தது என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். “மதுரைக்கு இங்கேருந்து எவ்ளோ தூரம் மாமா?” என்று என்னிடம் கேட்டாள்.

ஊராட்சியின் பக்கமும் எனக்குப் புரியாமல் இல்லை. வருமானம் குறைவு, மின் கட்டணம் ஏறுகிறது, கூண்டுக்குப் பராமரிப்புச் செலவு இருக்கிறது என்கிறீர்கள். சரி, கணக்குப் பார்ப்போம். விளக்கு நான்கு, ஒவ்வொன்றும் 150 வாட். மாலையில் ஒன்றரை மணி நேரம் எரிகிறது. நாளைக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. இரண்டு மாத பில்லில் 54 யூனிட். சில நூறு ரூபாய். இந்த இரண்டு வருடத்தில் மேட் இரண்டு முறை கிழிந்தது, இரண்டு முறையும் நாங்களே தைத்தோம். வலை ஒரு முறை குரங்கு ஏறி அறுந்தது, நைலான் கயிறு வாங்கி நாங்களே கட்டினோம். ஊராட்சிக்கு ஒரு பைசா செலவு வைக்கவில்லை. டவுன் கோச்சிங்காரர் மீதும் எனக்குக் கோபம் கிடையாது, அவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் வரட்டும். எங்கள் பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டு வர வேண்டாம்.

புளியமரத்தை ஏலம் விட்டால் அடுத்த வருடமும் அது காய்க்கும். பதிமூன்று வயதில் ஒரு வருடம் மட்டையைத் தொடாமல் நின்ற பையன் பதினான்கு வயதில் 16-க்குட்பட்டோர் தேர்வுக்குத் தயாராக இருக்க மாட்டான். அந்த ஒரு வருடத்தை எந்தக் குத்தகைத் தொகையிலும் திருப்பித் தர முடியாது.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ஏப்ரல் 28 ஏலப் பட்டியலிலிருந்து வலைப்பயிற்சிக் கூடத்தை நீக்குங்கள், நீக்கியதை அதே சுவரில் எழுத்தில் ஒட்டுங்கள். இதைப் பற்றி எந்த முடிவாக இருந்தாலும் மே 1 கிராம சபையில் பொருளாக வைத்து, ஊர் முன்னால் பேசி எடுங்கள். பணம் கொடுத்த அம்மாமார்களும் அன்றைக்கு வந்து உட்காருவார்கள், அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

காலை ஐந்தரை முதல் ஏழரை வரையும், மாலை நாலரை முதல் எட்டு வரையும் நம் ஊராட்சிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் ஒதுக்கித் தீர்மானம் போடுங்கள். இடைப்பட்ட பகல் நேரத்தை வெளியூர் கோச்சிங்குக்கு மணிக் கணக்கில் வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தை ஊராட்சி எடுத்துக்கொள்ளட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. விளக்குகளுக்குத் தனி மீட்டர் வைத்துக் கொடுத்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில்லைக் கிளப்பே கட்டும். இதை ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போடவும் தயார்.

2024-ல் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் என்று அரசு அறிவித்து வழங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பில் நம் ஊருக்கு வந்தது அலுவலகப் பின்னறையில் பழைய ரிஜிஸ்டர் மூட்டைக்கு அடியில் இருக்கிறது. பெட்டியை நானே பார்த்தேன். அதைத் திறந்து பிள்ளைகளிடம் கொடுங்கள். இரண்டாவது ஜோடி கிளவுஸ் அதில் இருந்தால் எங்களுக்கு அது பெரிய விஷயம். பெண் பிள்ளைகளுக்குத் திடலில் ஒரு கழிப்பறை வேண்டும், இதை மூன்றாவது முறையாகக் கேட்கிறோம்.

இந்த மடலுக்கு ஏப்ரல் 25-க்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். பதில் வராவிட்டால் 28-ஆம் தேதி காலை 46 பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து இதே கோரிக்கைகளை உங்கள் கையில் மனுவாகக் கொடுப்போம்.

கடைசியாக ஒன்று. வடக்குக் கம்பத்து விளக்கு மூன்று வாரமாக எரியவில்லை. பல்பு நாங்கள் வாங்கி வைத்திருக்கிறோம், கம்பத்தில் ஏற ஊராட்சி ஆள் வர வேண்டும். மற்றதெல்லாம் பேசி முடிக்க நாளாகலாம். இதை மட்டும் இந்த வாரமே செய்து கொடுங்கள். பயிற்சி முடிந்து பெண் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வீட்டுக்கு நடந்து போகிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
கிராமக் கிரிக்கெட் கிளப்